எதெல் ஸ்ரார்க்கும் சம்பளமில்லாத எண்பது பெண்களும்

கனடாவிலிருந்து நியூயோர்க் கார்னெகி மண்டபத்துக்குப் போய் வாசித்த முதலாவது சிம்பொனி இசைக்குழு எது என்று ரொறன்ரோவில் யாரிடம் கேட்டாலும், ரொறன்ரோ சிம்பொனியாகத்தான் இருக்கும் என்பார்கள். இல்லை. 1947 ஒக்ரோபர் 22ஆம் திகதி அந்த மேடையில் ஏறியது மொன்றியல் பெண்கள் சிம்பொனி. ஏறத்தாழ 80 பேர், அத்தனை பேரும் பெண்கள். அவர்களில் பலர் ஏழு வருடங்களுக்கு முன்னர் தாங்கள் அன்று வாசித்த வாத்தியத்தைக் கையால் தொட்டும் பார்த்திராதவர்கள். பகலில் அலுவலகத்தில் தட்டச்சு அடித்தவர்கள், தொழிற்சாலையில் நின்றவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களுக்கு முன்னால் கோலைப் பிடித்து நின்றவர் எதெல் ஸ்ரார்க். அப்போது அவருக்கு 37 வயது.

கொண்டக்டர் என்றதும் எங்களில் பலருக்கு இ.போ.ச. பஸ்தான் முதலில் ஞாபகம் வரும். கர்நாடக இசைக் கச்சேரியில் அப்படி ஒருவர் இல்லை. பாடுகிறவரே தாளம் போடுகிறார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களிடம் உள்ளவற்றில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்பவர் பரதநாட்டிய மேடையின் ஓரத்தில் இருக்கும் நட்டுவனார். அவருடைய தாளக்கட்டையில்தான் பாட்டு, மிருதங்கம், ஆடுகிறவரின் கால் எல்லாம் ஒன்றாகப் போகும். ஆனால் சிம்பொனியில் எண்பது, நூறு பேர் இருப்பார்கள். கொண்டக்டர் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. மற்றவர்களைக் கொண்டு எழுப்பிக்கிறார். அதனால் அது இசைப் பதவியாக இருக்கும் அளவுக்கு அதிகாரப் பதவியாகவும் இருக்கிறது. நட்டுவாங்கமும் நெடுங்காலம் ஆண்களின் கையில்தான் இருந்தது. ஆடுகிறவள் பெண், ஆட்டுவிக்கிறவர் ஆண் என்பதுதான் வழமை. கே. ஜே. சரசா போன்ற ஒரு பெண் நட்டுவனாராக உட்கார்ந்தது பேசப்படும் செய்தியானதும் அதனால்தான். மேற்கத்தேய இசையிலும் இதே கதைதான்.

எதெல் ஸ்ரார்க் 1910 ஓகஸ்ட் 25ஆம் திகதி மொன்றியலில் பிறந்தார். பெற்றோர் ஒஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்கள். மொன்றியல் அப்போது ஆங்கிலம் பேசும் புரட்டஸ்தாந்தர்கள், பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் என்று இரண்டாகப் பிரிந்திருந்த நகரம். யூதர்கள் இரண்டு பக்கத்திலும் சேராதவர்கள். அந்தக் காலக் கனடா யூதர்களை எப்படி வைத்திருந்தது என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1939இல் ஜேர்மனியிலிருந்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிவந்த சென். லூயிஸ் கப்பலுக்குக் கனடா இடம் கொடுக்கவில்லை. 2010இல் 492 தமிழர்களுடன் வந்த சன் சீ கப்பலைப் பற்றி இந்த நாட்டு வானொலிகளில் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிறுமியாகவே வயலின் பிடித்தார். மக்கில் இசைப்பள்ளியில் படித்து, அங்கிருந்து 1928இல் பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் இசைக்கல்லூரிக்குப் புலமைப்பரிசிலில் போனார். பிள்ளையை வயலின் வகுப்புக்கு ஏற்றி இறக்கி, கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிற பெற்றோருக்கு ஒரு தகவல்: கேர்ட்டிஸ் மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்காது. திறமை இருந்தால் போதும் என்பது அதன் கொள்கை. அங்கே வயலினில் லியா லுபோஷுட்ஸ் என்ற பெரிய ஆசிரியரிடம் பயின்றார். வயலின் படிக்கப் பெண்ணுக்குத் தடையிருக்கவில்லை. தடை இருந்தது அடுத்த அறையில்.

அந்த அறையில் பிரிட்ஸ் ரைனர் இசை நடத்தும் கலையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். ஹங்கேரியில் பிறந்தவர். கோலை மிகச் சிறிதாக அசைத்துப் பெரிய குழுவை ஆட்டிவைப்பதில் பேர்போனவர், மாணவர்களை நடுங்கவைப்பதிலும் அப்படியே. பிற்காலத்தில் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் படித்ததும் இவரிடம்தான். அந்த வகுப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் பெண் எதெல் ஸ்ரார்க். 1934 வரை கேர்ட்டிஸில் இருந்தார்.

படிப்பு முடிந்தபின் கையில் இருந்தது ஒரு பெரிய தகுதி. அதைப் பயன்படுத்த இடம்தான் இல்லை. வயலின் தனி வாசிப்பாளராக மேடையும் வானொலியும் கிடைத்தன. கோலைக் கொடுக்க எந்த இசைக்குழுவும் முன்வரவில்லை. ஊரில் பட்டம் பெற்று வந்து இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! தகுதியைச் செல்லாக்காசாக்க இந்த நாட்டுக்கு எப்போதுமே வழிகள் தெரிந்திருந்தன. அவர் செய்தது, தனக்கான குழுவைத் தானே உண்டாக்கியது. முதலில் நியூயோர்க்கில் பெண்களைச் சேர்த்துச் சிறு குழு ஒன்றை நடத்தினார். பிறகு 1940இல் மொன்றியலில் மாட்ஜ் போவென் என்ற வசதி படைத்த பெண்மணி ஒரு யோசனையோடு அவரிடம் வந்தார். போவென் வயலின் வாசிப்பவர். சேர்ந்து வாசிக்க ஆசை, ஆனால் பெண்களை எடுக்கிற குழு இல்லை. நாங்களே ஒன்றைத் தொடங்கினால் என்ன என்பது அவருடைய கேள்வி.

1940 என்ற வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கியூபெக் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்குக் கிடைத்ததே அந்த வருடம் ஏப்ரல் 25ஆம் திகதிதான். இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1931இல். (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை.) ஆக, மாகாண வாக்குரிமையில் மொன்றியல் பெண்கள் எங்கள் அப்பம்மாக்களுக்கு ஒன்பது வருடம் பிந்தியவர்கள். முன்னேறிய நாட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

குழுவில் சேர இனம், மொழி, மதம், வசதி எதுவும் பார்க்கக்கூடாது என்பதில் ஸ்ரார்க் உறுதியாக இருந்தார். ஆங்கிலப் பெண்கள், பிரெஞ்சுப் பெண்கள், யூதப் பெண்கள், கறுப்பினப் பெண், மாளிகைக்காரி, கூலிக்காரி எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றைய மொன்றியலில் இவர்கள் ஒரே தெருவில் குடியிருந்ததில்லை, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததும் இல்லை.

ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது வயலினும் பியானோவும். வயலின்களை மட்டும் வைத்துச் சிம்பொனி வாசிக்க முடியாது. ட்ரம்பெற் வேண்டும், ட்ரொம்போன், ஹோர்ன், பசூன், டபிள் பேஸ், முரசு எல்லாம் வேண்டும். இவை பெண்கள் வாசிக்கத் தகாதவை என்பது அக்கால எண்ணம். ஊதினால் கன்னம் உப்பி முகம் கோணும். செலோவை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்வது அடக்கமாகாது. பித்தளை வாத்தியத்துக்குப் பெண்ணின் மூச்சு காணாது. ஒரு காரணம் பொய்த்தால் இன்னொரு காரணம் தயாராக இருக்கும்.

இதில் எங்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் ஆண்களுடையவை என்று இருந்த காலத்தில்தான் மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரத்தோடு மேடையேறினார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களின் கச்சேரிக்கு வாசிக்கவே மாட்டார் என்று இருந்து, பின்னர்தான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி மண்டபத்தைத் தன் சொத்தைக் கொண்டு கட்டுவித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண்கள் அவரிடமே சொன்னார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த அணிகள் ஒன்றாகி, பெண்களும் பாடும் ஆராதனை வந்தது. ஸ்ரார்க் மொன்றியலில் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலம். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. கதவு மூடியிருந்தால் பக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டுவது என்ற யோசனை இருவருக்கும் வந்திருக்கிறது. இங்கே தை மாதத்தில் தியாகராஜ உற்சவத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாகரத்தினம்மாள் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஸ்ரார்க் என்ன செய்தார் என்றால், வாத்தியக்காரரைத் தேடுவதை விட்டுவிட்டு வாத்தியக்காரரை உண்டாக்கினார். வயலின் வாசித்தவரை வேறு வாத்தியத்துக்கு மாற்றினார், பியானோ தெரிந்தவரிடம் ஊதுகுழலைக் கொடுத்தார். யுத்த காலம், புதிய வாத்தியம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வாங்கப் பணமில்லை. பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒத்திகைக்கு நிரந்தர இடம் இல்லை. வீடுகளின் நிலவறை, யாரோ இரங்கிக் கொடுத்த அறை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். மொன்றியல் குளிரில் சூடேற்றாத அறையில் விரல் விறைக்க வாசிப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில மாதங்களே ஆன பழக்கத்தோடு, 1940 ஜூலை 29ஆம் திகதி மொன்ற் ரோயல் மலையில் திறந்தவெளியில் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் குழு நிலைத்துவிட்டது.

அவர் கண்டிப்பானவர். பெண்கள் தானே, பொழுதுபோக்குத் தானே என்று யாரும் சலுகை காட்டக்கூடாது என்பதுதான் அவருடைய வைராக்கியம், ஆகவே அவரும் சலுகை காட்டவில்லை. நேரத்துக்கு வரவேண்டும், வீட்டில் பயிற்சி செய்திருக்க வேண்டும். அடுப்பையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடிவந்த பெண்ணுக்கு இது கொடுமையாகப் பட்டிருக்கலாம். இருந்தும் ஏழு வருடத்தில் அந்தக் குழு கார்னெகி மண்டபத்துக்குப் போனதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கண்டிப்புத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தக் கார்னெகிப் பயணத்தில் கிளாரினெற் வரிசையில் இருந்தவர் வயலெற் கிரான்ட். மொன்றியலின் கறுப்பினக் குடும்பத்துப் பெண். கனடாவின் சிம்பொனி இசைக்குழு ஒன்றில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவரே. ஜெக்கி ரொபின்சன் 1946இல் மொன்றியல் அணிக்கு விளையாடி, 1947 ஏப்ரலில் புரூக்ளினில் அமெரிக்க முதல்தர பேஸ்போலில் நிறத்தடையை உடைத்தார். அதை உலகமே எழுதியது. அதே வருடம் ஒக்ரோபரில் அதே மொன்றியலிலிருந்து நியூயோர்க் போய் அமர்ந்த இந்தப் பெண்ணைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? நியூயோர்க் விமர்சகர்கள் குழுவைப் பாராட்டி எழுதினார்கள் என்பது மட்டும் நிச்சயம். வேறு நாடுகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன.

போக முடியவில்லை, காசில்லை.

இங்கேதான் கணக்கெழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இந்த வரலாற்றில் கண் குத்துகிறது. அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒத்திகைக்கும் இல்லை, கச்சேரிக்கும் இல்லை. பெரும்பாலும் தங்கள் கைக்காசைப் போட்டார்கள். ஆண்களின் குழுக்களுக்குத் திறந்த செல்வந்தர்களின் பணப்பை இவர்களுக்கு அப்படித் திறக்கவில்லை. கலைகளுக்கு உதவும் கனடா கவுன்சில் உருவானதே 1957இல்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 பேர், வாரம் 4 மணித்தியாலம், வருடத்தில் 40 வாரம் என்று வைத்துக்கொண்டாலே 12,800 மணித்தியாலம். ஏழெட்டுப் பேர் முழுநேரமாக ஒரு வருடம் வேலை செய்வதற்குச் சமம். வீட்டுப் பயிற்சியை இதில் சேர்க்கவில்லை. இந்த உழைப்பு எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கில் இனாமாகக் கொடுத்த உழைப்பு பெரும்பாலும் பதியப்படுவதில்லை. பதியாத ஒன்று குறையும்போதும் புத்தகத்தில் தெரியாது. வருட முடிவில் கணக்குச் சமமாக நிற்கும், ஆட்கள் களைத்திருப்பார்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள், கோயில் விழாக்கள், ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்கள் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். மண்டப வாடகைக்கு ரசீது இருக்கும், சாப்பாட்டுக் கடைக்கு ரசீது இருக்கும். இரண்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிய பெண்ணுக்கு ஒரு பொன்னாடை. கணக்கு அறிக்கையை வாசிக்கிற எவருக்கும் அவர் இருந்ததே தெரியாது.

மொன்றியல் பெண்கள் சிம்பொனி இருபது வருடத்துக்கு மேல் இப்படியே தாக்குப்பிடித்தது. 1960களின் நடுப்பகுதியில் நின்றுபோனது. அது தோல்வியால் மட்டும் வந்த முடிவல்ல. அதற்குள் மற்றக் குழுக்கள் பெண்களை மெல்ல எடுக்கத் தொடங்கியிருந்தன. சம்பளம் கொடுக்கிற இடத்துக்குப் பழகிய கைகள் போயின. ஸ்ரார்க் பயிற்றுவித்தவர்களில் பலர் ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் வாசித்தார்கள். தன் குழு தேவையற்றுப் போவதற்கு அவரே காரணமாக இருந்திருக்கிறார்.

அவருக்கும் வெளியே அழைப்புகள் வந்தன. ரொறன்ரோ சிம்பொனியை விருந்தினராக நடத்தினார். சிபிசி சிம்பொனி, கியூபெக் சிம்பொனி, இஸ்ரேலில், ஜப்பானில் என்று பட்டியல் நீளம். விருந்தினராக என்ற சொல்லைக் கவனியுங்கள். வந்து நடத்திவிட்டுப் போகலாம். நிரந்தரப் பதவியை எந்தப் பெரிய இசைக்குழுவும் அவருக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய குழுக்களில் ஒன்றான போல்ரிமோர் சிம்பொனி மரின் ஓல்சொப் என்ற பெண்ணிடம் அந்தப் பதவியைக் கொடுத்தது 2007இல். கார்னெகிக் கச்சேரிக்கு அறுபது வருடம் கழித்து. நியூயோர்க் பில்ஹார்மோனிக் ஒரின் ஓபிரையன் என்ற டபிள் பேஸ் பெண்ணை எடுத்தது 1966இல், பெர்லின் முதல் பெண்ணை எடுத்தது 1982இல், வியன்னா பெண்களை உறுப்பினராக்க ஒத்துக்கொண்டது 1997இல்.

ரொறன்ரோவைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. இங்கேயும் டபிள் பேஸ் வாசித்த ஒரு பெண் இருந்தார், ரூத் பட். 1951இல் ரொறன்ரோ சிம்பொனி அமெரிக்காவுக்கு வாசிக்கப் போக இருந்தபோது, அரசியல் சந்தேகத்தின் பேரில் ஆறு பேருக்கு அமெரிக்கா அனுமதி மறுத்தது. அது கம்யூனிஸ்ட் வேட்டைக் காலம். அந்த ஆறு பேரில் ரூத் பட் ஒருவர். எல்லையைக் கடக்க முடியாதவர்கள் என்று சொல்லி அடுத்த வருடம் ஆறு பேரின் ஒப்பந்தத்தையும் குழு புதுப்பிக்கவில்லை. எல்லையில் ஒரு அதிகாரியின் சந்தேகம் வேலையையும் கொண்டுபோய்விடும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ரூத் பட் 1964இல் அதே குழுவுக்குத் திரும்பி வந்தார், பின்னர் கனடா சிம்பொனி இசைவாணர்களின் அமைப்புக்கு முதல் தலைவராகவும் ஆனார். ஸ்ரார்க் உருவாக்கியது மேடை. ரூத் பட் நின்றது அந்த மேடையில் நிற்பவர்களின் சம்பளத்துக்கும் உரிமைக்கும். இரண்டும் வேண்டியிருந்தது.

ஸ்ரார்க் பிறகு மொன்றியலில் கியூபெக் அரச இசைக்கல்லூரியில் கற்பித்தார், வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பெண்கள் சிம்பொனிக்குப் பக்கத்தில் தந்தி வாத்தியங்களுக்கென்று ஒரு சிறு பெண்கள் குழுவையும் நடத்தினார். 1979இல் ஓர்டர் ஒப் கனடா கிடைத்தது. 2003இல் கியூபெக் மாகாணத்தின் உயர் விருது. அதற்குள் பெரும்பாலோர் அவரை மறந்திருந்தார்கள். ஒரு நாட்டின் முதல் சிம்பொனி கார்னெகி ஏறியதைப் பள்ளிப் புத்தகம் எதிலும் எங்கள் பிள்ளைகள் படித்ததாகத் தெரியவில்லை. 2012 பெப்ரவரி 16ஆம் திகதி 101 வயதில் மொன்றியலில் காலமானார். 2015இல் மரியா நொரியேகா ரக்வால் இந்தக் குழுவின் கதையை ஒரு நூலாக எழுதினார், சமையலறையிலிருந்து கார்னெகி மண்டபம் வரை என்று தலைப்பு. அதற்கு முன்னரே குழுவில் செலோ வாசித்த லீஸ் வெசினா பிரெஞ்சில் ஒரு நூல் எழுதியிருந்தார்.

மொன்றியலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் சென். லோறன் தெருப் பக்கம் ஒரு தரம் நடந்து பார்க்கலாம். யூதக் குடும்பங்கள் வந்திறங்கி வாழ்ந்த பகுதி அது. பிரின்ஸ் ஆர்தர் தெருவும் கிளார்க் தெருவும் சந்திக்கிற மூலையில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. பெயர்ப் பலகையில் எதெல் ஸ்ரார்க் என்று எழுதியிருக்கும்.